கட்டிலில் இருப்பவரை நாம் பார்க்கிறோம், கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவரை யார் பார்ப்பது?

கிராண்ட்பாஸில் ஒரு வீட்டில் மவ்த் நடந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் ஒழுங்காகிவிடும். பள்ளிவாசலில் அறிவித்தல் போகும். கபன் துணி, குளிப்பாட்ட ஆட்கள், சந்தூக், கதிரைகள், மாளிகாவத்தை மையவாடிக்கு வாகனம் எல்லாம் வந்து சேரும். பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வரும். ஜனாஸா வேலையில் எமது சங்கங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே மனிதர் மவ்த்தாவதற்கு முன் மூன்று வருடம் படுக்கையில் கிடந்திருப்பார். அந்த மூன்று வருடமும் அவரைத் தூக்கி உட்கார வைத்து, ஊட்டி, கழுவி, இரவில் இரண்டு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைத்தவர் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான், அவருடைய மனைவி. அவருக்கு ஒரு சங்கமும் இல்லை.

நான் ஓர் ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன் என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சில் பாதிதான் திரும்பியது. பாடசாலை, வீடு, கிளினிக் என்ற மூன்றுக்கும் இடையில் ஓடும் வாழ்க்கை எனக்குப் பழகிவிட்டது. இது என் கதையைச் சொல்லும் கட்டுரை அல்ல. ஆமர் வீதியிலிருந்து இங்குருகடை சந்தி வரைக்கும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலும் மாடி வீடுகளிலும் இதே நிலையில் எத்தனையோ பெண்களும் சில ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் ஒரே வார்த்தை “ஸப்ர் செய்யுங்கள்” என்பது. ஸப்ர் வேண்டும்தான். ஆனால் முதுகு நோவுக்கும் தூக்கமின்மைக்கும் ஸப்ர் மட்டும் மருந்தாகாது.

நோய் விசாரிக்கப் போவது எமது மார்க்கத்தில் ஒரு முஸ்லிம் இன்னொருவருக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று. அதை எமது ஆட்கள் குறைவின்றிச் செய்கிறார்கள். அஸருக்குப் பின் நான்கு பேர் வருவார்கள், கையில் நெஸ்டமோல்ட், அப்பிள், மேரி பிஸ்கட். ஒரு மணித்தியாலம் இருந்து, எந்த வைத்தியர் யாரைச் சுகமாக்கினார், எந்த ஊரில் நல்ல எண்ணெய் கொடுக்கிறார்கள் என்று பேசுவார்கள். அந்த ஒரு மணித்தியாலமும் வீட்டுக்காரி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பார். அவர்கள் போன பிறகு கோப்பை கழுவி, மஃரிப் தொழுது, மாத்திரை கொடுத்து, பிள்ளையின் வீட்டுவேலையையும் பார்க்க வேண்டும். நோயாளிக்கு அது ஆறுதல். பராமரிப்பவருக்கு ஓவர்டைம்.

இந்தச் சோர்வு வெறும் மனக்குறை அல்ல, அது உடம்பிலேயே வேலை செய்கிறது. 1995 இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. ஞாபகமறதி நோய் உள்ள உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களும், அவர்களுக்கு ஒத்த வயதுடைய, பராமரிப்பு வேலை இல்லாத 13 பெண்களும் அதில் பங்குபற்றினார்கள். எல்லோருடைய கையிலும் ஒரே அளவில் சின்னஞ்சிறு காயம் ஒன்றை ஏற்படுத்தி, ஆறும்வரை பார்த்தார்கள். பராமரிக்கும் பெண்களின் காயம் ஆற ஏறத்தாழ ஒன்பது நாட்கள் கூடுதலாக எடுத்தது. தொடர்ச்சியான மன அழுத்தத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி மந்தமாகிறது என்பதே காரணம்.

இதைவிட முக்கியமானது 1999 இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. ஷுல்ஸ், பீச் என்ற இருவர் 66 வயதுக்கு மேற்பட்ட கணவன் மனைவிமாரை நான்கு வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். துணையைப் பராமரித்துக்கொண்டே, அதனால் மன உடல் அழுத்தத்தையும் அனுபவித்தவர்கள், அந்த வேலை இல்லாதவர்களைவிட அந்த நான்கு வருடத்துக்குள் இறந்துபோகும் அபாயம் 63 சதவீதம் கூடுதலாக இருந்தது. எல்லோரும் எடுத்துச் சொல்வது இந்த எண்ணைத்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அதே ஆய்வின் இன்னொரு முடிவு. பராமரித்தும் அழுத்தம் அனுபவிக்காதவர்களிடம் அப்படிப்பட்ட கூடுதல் அபாயம் காணப்படவில்லை. அதாவது, துணையைப் பார்ப்பது ஆளைக் கொல்வதில்லை. தனியாக, ஓய்வில்லாமல், மாற்று ஆள் இல்லாமல் பார்ப்பதுதான் கொல்கிறது. அதை மாற்றுவது எம் கையில் உள்ளது.

பராமரிப்பு என்பது மார்க்கத்தில் இரண்டாம் தர வேலை என்று யாராவது நினைத்தால் பத்ரை நினைத்துப் பார்க்கட்டும். ஹிஜ்ரி 2 ஆம் ஆண்டு அந்தப் போருக்குப் புறப்படும்போது, உஸ்மான் (ரழி) அவர்களின் மனைவியும் நபியவர்களின் மகளுமான ருகையா (ரழி) கடும் சுகவீனமாக இருந்தார்கள். மனைவியைப் பார்த்துக்கொள்ள மதீனாவிலேயே தங்கும்படி நபி (ஸல்) அவர்கள் உஸ்மானிடம் சொன்னார்கள். பத்ரில் கலந்துகொண்ட ஒருவருக்குரிய கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். வெற்றிச் செய்தி மதீனாவுக்கு வந்தபோது ருகையா (ரழி) அவர்களை அடக்கம் செய்துகொண்டிருந்தார்கள் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. பிற்காலத்தில் ஒரு மனிதர், உஸ்மான் பத்ருக்கு வரவில்லையே என்று அதை ஒரு குறையாகக் கேட்டபோது, இப்னு உமர் (ரழி) இந்தக் காரணத்தை விளக்கினார்கள். இது புஹாரியில் பதிவாகியிருக்கிறது. வீட்டில் நோயாளியைப் பார்த்ததைக் கணக்கில் எடுக்காத ஆட்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

இதில் ஆண்களுக்கும் ஒரு செய்தி உண்டு. அங்கே மனைவியைப் பார்க்கத் தங்கியவர் கணவர். எம்மிடையே மனைவி படுத்தால் கணவன் முதலில் தேடுவது தன் ராத்தாவை அல்லது மாமியாரை, அதுவும் இல்லாவிட்டால் மூத்த மகளை.

அபூதர்தா (ரழி) அவர்களின் வீட்டுச் சம்பவமும் பலருக்குத் தெரியும். இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பிருந்த அவரிடம், இறைவனுக்கு இருப்பதுபோல் உமது ஆன்மாவுக்கும் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு, ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடும் என்று ஸல்மான் (ரழி) சொன்னார்கள். நபியவர்கள் அதைச் சரி என்றார்கள். வணக்கத்துக்கே அந்த எல்லை இருக்கிறதென்றால் பராமரிப்புக்கு இல்லாமல் போகுமா?

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? என் அனுபவத்திலும், கிளினிக் வாங்குகளில் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டதிலும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, தூக்குவதற்குப் பழக வேண்டும். பாரிசவாத நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் முன், கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றுவது எப்படி என்று இயன்மருத்துவரிடம் கேட்டு, உங்கள் கையாலேயே ஒரு தடவை செய்து காட்டுங்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி, நோயாளியை உடம்போடு அணைத்தபடி எழுப்ப வேண்டும். விழுந்த பக்கத்துக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு விலகிவிடும். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும் என்பார்கள். இரவில் அதை ஒருவரே செய்தால் அவர் தூங்குவது எப்போது? இதனால்தான் தூக்கத்தைப் பங்குபோட வேண்டும் என்கிறேன். பத்து மணியிலிருந்து இரண்டு வரை மகன், இரண்டிலிருந்து ஸுபஹ் வரை உம்மா. அப்போது ஒவ்வொருவருக்கும் நான்கு மணித்தியாலமாவது தொடர்ந்து தூங்கக் கிடைக்கும். காற்று மெத்தை ஒன்று வாங்கவோ இரவலாக எடுக்கவோ முடியுமா என்றும் வைத்தியரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, உங்கள் சொந்த கிளினிக் கொப்பி. எங்கள் வயதுப் பெண்களில் பாதிப் பேர் சீனிக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுப்பவர்கள். கணவருடைய கிளினிக் திகதி நினைவில் இருக்கும், தங்களுடையது தவறிப்போகும். இரண்டு கொப்பியையும் ஒரே பையில் வையுங்கள். வீட்டில் கலண்டரில் இரண்டு திகதியையும் எழுதுங்கள். சிறுநீரக நோயாளிக்கு இரத்தச் சுத்திகரிப்பு நடப்பது கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் சுமார் நான்கு மணித்தியாலம். அந்த நேரம் அவரைப் பார்க்கத் தாதிமார் இருக்கிறார்கள். வாசலில் வாங்கில் குந்தியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. தொலைபேசியைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போகலாம், அல்லது பக்கத்தில் உள்ள பள்ளிவாசலின் பெண்கள் பகுதியில் கொஞ்சம் சாயலாம்.

மூன்றாவது விடயம் சொல்லக் கஷ்டமானது, கோபம். பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சிலர் காரணமில்லாமல் அழுவார்கள், சிலர் சோற்றுக் கோப்பையைத் தட்டிவிடுவார்கள். இருபது வருடம் மரியாதையாகப் பேசிய மனிதர் இப்போது பிள்ளைகள் முன் ஏசுவார். அதில் பெரும்பகுதி மூளையில் ஏற்பட்ட சேதத்தின் விளைவு. வைத்தியரிடம் சொன்னால் அதற்கும் மருந்து இருக்கிறது. பராமரிப்பவருக்கும் கோபம் வரும். அது ஈமான் குறைந்ததன் அடையாளம் அல்ல, தூக்கம் குறைந்ததன் அடையாளம். மனம் மிகவும் கனத்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். கொழும்பில் சுமித்ரயோ அமைப்பிலும் காது கொடுத்துக் கேட்பார்கள். அவசரத்துக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அது இலவசம். ஞாபகமறதி நோய் என்றால் கொழும்பு 10 இல் லங்கா அல்ஸைமர் மன்றம் இருக்கிறது. அது எங்களுக்குத் தூரமும் இல்லை.

இன்னொன்று. எல்லா வேலையையும் மனைவியே செய்யும்போது, கணவன் மனைவி என்ற உறவு தாதி நோயாளி உறவாகத் தேய்ந்துவிடும். குளிப்பாட்டுவதை மகனோ தம்பியோ கிழமைக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டால், அந்த நாளில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். என் கணவர் இடது கையால் உள்ளி உரிக்கிறார். ஒரு பூண்டுக்கு அரை மணித்தியாலம் போகும். நான் உரித்தால் இரண்டு நிமிடம். அவர் உரித்த உள்ளியில்தான் எங்கள் வீட்டில் கறி ஆகிறது.

சல்லி விடயம். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், அது இந்த நாட்டின் பெரிய கொடை. ஆனால் பெரியவர்களுக்கான பெம்பர்ஸ், கிளினிக்குக்கு த்ரீவீல், வார்டில் இல்லாத மருந்துக்கு வெளியே பாமசி, இதெல்லாம் வீட்டின் தலையில். அதோடு, இடியப்பம் அவித்துக் கொடுத்தோ தையல் தைத்தோ மனைவி உழைத்தது நின்றுபோகும். 2023 இல் தொடங்கிய அஸ்வெசும திட்டத்தில் வயோதிபர், அங்கவீனர், சிறுநீரக நோயாளர் என்ற வகைகள் இருக்கின்றன. பராமரிப்பவர் என்ற வகை இல்லை. பிரித்தானியாவில் 1976 இல் பராமரிப்பவருக்கு ஒரு கொடுப்பனவு தொடங்கினார்கள், ஆனால் திருமணமான பெண்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது நியாயம். ஜாக்குலின் டிரேக் என்ற பெண் வழக்குப் போட்டு 1986 இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போன பிறகுதான் அது மாறியது. “எப்படியும் வீட்டில்தானே” என்பதை நாங்களும் கேட்டிருக்கிறோம்.

அரசாங்கம் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு எமக்கு மிக அருகிலேயே உதாரணம் உண்டு. 1993 இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சில வைத்தியர்கள் ஆரம்பித்த வலி நிவாரணச் சிகிச்சைப் பணி, பின்னர் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரம் மாவட்டத்தில் ஊர் ஊராகப் பரவியது. கடைக்காரர், ஆசிரியர், கல்லூரி மாணவர் என்று சாதாரண ஆட்கள் பயிற்சி எடுத்து, தங்கள் பகுதியில் படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு முறைவைத்துப் போகிறார்கள். அந்த வீட்டுக்கு அரிசி, பிள்ளைகளின் படிப்புச் செலவு போன்றவற்றையும் கவனிக்கிறார்கள். 2008 இல் கேரள அரசு இதை ஒரு கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது.

கிராண்ட்பாஸில் இதற்குப் புதுச் சங்கம் வேண்டியதில்லை. ஜனாஸா சங்கத்திடம் வீடுகளின் பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது. எந்த வீட்டில் யார் படுக்கையில் என்பதை அதில் ஒரு நிரலாகச் சேர்த்தால் போதும். நோய் விசாரிக்க வருபவர் அப்பிள் பைக்குப் பதில் இரண்டு மணித்தியாலம் தரட்டும். “நீங்கள் போய்த் தூங்குங்கள், நான் இருக்கிறேன்” என்று சொல்பவருக்குத் தேத்தண்ணி வேண்டாம். ஆண் நோயாளிக்கு ஆண், பெண் நோயாளிக்குப் பெண் என்று முறை போடுவது கஷ்டமான காரியம் அல்ல.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், ஆசிரியை என்ற வகையில் எனக்கு ஒரு பதில் இருக்கிறது. தரம் 11 வகுப்பில் வரவு இடாப்பைப் புரட்டினால், கிழமையில் இரண்டு மூன்று நாள் வராத பெண்பிள்ளைகள் தெரிவார்கள். கேட்டால், “வாப்பாவுக்குச் சுகமில்லை டீச்சர், உம்மா கிளினிக் போனா, நான்தான் வீட்டில்” என்பார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதங்களுக்காவது, அந்த வீடுகளுக்குக் காலை ஏழு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை முறைவைத்து ஓர் ஆள் வேண்டும். எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் இதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் மஹல்லாவிலும் கேளுங்கள்.