கடிக்கிற கடிகாரம்

புதுச் செருப்பு கடிக்கும். அது நமக்குப் பழகிய விஷயம். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு நாலு நாள் நொண்டினால் செருப்பும் காலும் ராசியாகிவிடும். கைக்கடிகாரத்தின் கடி வேறு மாதிரி. வாங்கிய புதிதில் சாதுவாகத்தான் இருக்கும். மூன்றாவது வாரத்திலோ, வெயில் ஏறிய சித்திரையிலோ, ஒருநாள் கழற்றிப் பார்த்தால் மணிக்கட்டில் அதன் அடிப்பாகத்தை அச்செடுத்தாற்போல ஒரு தடிப்பு இருக்கும். அரிக்கும். சிலருக்குப் பொடிப்பொடியாகக் கொப்புளமும் கிளம்பும்.

தாத்தா காலத்துக் கடிகாரமும் கையில்தான் கிடந்தது. ஆனால் அது மணியை மட்டும் காட்டியது. கட்டியிருக்கும் கையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரிய வேண்டியிருக்கவில்லை. செயின் தொளதொளவென்று முன்கையில் ஏறி இறங்கும். குளிக்கப் போகும்போது ஆணியில் தொங்கும், இரவில் தலைமாட்டில் கிடக்கும். இன்றைய ஃபிட்னஸ் வாட்ச் மணியோடு ரத்தத்தையும் பார்க்கிறது.

கழற்றித் திருப்பினால் பச்சையாக மினுக்கும் விளக்கு தெரியும். ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இதயம் ஒருமுறை துடித்ததும் தோலுக்கடியில் உள்ள நுண்ணிய குழாய்களில் ரத்தம் கொஞ்சம் பெருகும். அப்போது திரும்பி வரும் ஒளி குறையும். அடுத்த துடிப்புக்குள் ரத்தம் வடியும், ஒளி கூடும். விளக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒளியுணரி இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணி நாடித்துடிப்பாகக் காட்டுகிறது. வித்தை எளிது. ஆனால் வெளிவெளிச்சம் இடுக்கு வழியாக நுழைந்தாலோ, வாட்ச் கையில் ஆடினாலோ கணக்கு கெட்டுவிடும். அதனால் இறுக்கிக் கட்டு என்கிறது கருவி. தூக்கத்தையும் அளக்கிறேன், இரவிலும் கழற்றாதே என்கிறது. தண்ணீர் புகாது, குளிக்கும்போதும் கிடக்கட்டும் என்கிறது விளம்பரம். தோலுக்கு வேண்டியதோ காற்று.

பச்சை விளக்குதான் தோலைச் சுடுகிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. பாவம், அதற்கு அவ்வளவு வலு கிடையாது. பேட்டரி சூடாகிச் சுட்டதுண்டு. 2022இல் ஃபிட்பிட் நிறுவனம் அயானிக் என்ற வாட்சைத் திரும்பப் பெற்றது அதற்காகத்தான். ஆனால் அது தீக்காயம். சுட்டதும் தெரிந்துவிடும். வாரக்கணக்கில் மெல்ல வளரும் அரிப்பு வேறு சங்கதி.

தோலின் மேலடுக்கு, செத்த செல்களை நெருக்கி அடுக்கிய சுவர். அதற்குச் சாந்து கொழுப்பு. வாட்சுக்கு அடியில் வியர்வை ஆவியாகப் போக வழியில்லாததால், வெகுநேரம் துணி துவைத்த விரல்நுனி போல அந்த இடம் ஊறிப்போகிறது. ஊறிய சுவருக்குள் வியர்வை உப்பும், குளித்தபோது தங்கிவிட்ட சோப்பும் சுலபமாக இறங்கும். போதாததற்கு வார் நாள் முழுக்க உராய்கிறது. பிறகு புண்படாமல் என்ன செய்யும்? வாட்ச் கட்டி அரிக்கிறது என்பவர்களில் பலருக்கு நடப்பது இவ்வளவுதான். இது ஒவ்வாமை அல்ல, யாருக்கும் வரலாம். வாரின் விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உயர்ந்த சிலிக்கோன் வாரும் ஈரத்தை வெளியே விடாது. நைலான் வார் விடும், ஆனால் வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். துவைக்காவிட்டால் அதுவும் வம்புதான்.

ஒவ்வாமை என்பது இதைவிடச் சுவாரசியமான, பிடிவாதமான ஆசாமி. ஏதோ ஒரு வேதிப்பொருள் தோலுக்குள் இறங்க, எதிர்ப்பாற்றலின் டி செல்கள் அதைப் பகையாகப் படித்து வைத்துக்கொள்கின்றன. படித்து முடிக்கப் பத்துப் பதினைந்து நாள் ஆகலாம், சிலருக்கு வருடங்களும் ஆகும். அதுவரை ஒன்றும் தெரியாது. அதன் பிறகு அந்தப் பொருள் கொஞ்சம் பட்டாலும் போதும், ஒன்றிரண்டு நாளில் தோல் தடித்துவிடும். இந்தத் தாமதத்தால்தான் உண்மையான குற்றவாளி தப்பித்துக்கொள்கிறான். முந்தாநாள் சாப்பிட்ட கத்தரிக்காய் மாட்டிக்கொள்கிறது.

2013இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபிட்பிட் ஃபோர்ஸ் என்ற கைப்பட்டையின் கதை இதற்கு நல்ல பாடம். அடுத்த ஆண்டு மார்ச்சில் அது திரும்பப் பெறப்பட்டபோது விற்றிருந்தவை சுமார் 10 லட்சம். தோல் எரிச்சல் என்று வந்த புகார்கள் ஏறக்குறைய 9,900. கொப்புளம் என்று 250. சந்தேகம் விழுந்தவை மூன்று: எஃகு உறை, வாரின் பொருள், பாகங்களை ஒட்டிய பசை.

எஃகில் என்ன இருக்கிறது? நிக்கல். நல்ல துருப்பிடிக்காத எஃகு நிக்கலைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்கும், மட்டமான கொக்கி வியர்வை பட்டதும் விட்டுவிடும். காது குத்திய புதிதில் மலிவுக் கம்மல் போட்டுச் சீழ் கட்டியவர்கள், ஜீன்ஸ் பொத்தான் படும் இடத்தில் தொப்புளுக்குக் கீழே அரிக்கிறவர்கள், தங்களுக்கு நிக்கல் ஆகாதோ என்று சந்தேகப்படலாம். தோலோடு ஒட்டிக் கிடக்கும் பொருள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலைக் கசியவிடக்கூடாது என்று ஐரோப்பாவில் சட்டமே இருக்கிறது.

பசைக்குள் ஒளிந்திருப்பது அக்ரிலேட் வகை. பசை இறுகும்போது அதன் சிறு மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. சங்கிலியால் தோலுக்குள் நுழைய முடியாது. கைகோக்காமல் விடுபட்ட உதிரிகள்தான் நுழைந்து வேலையைக் காட்டும். பார்லரில் போடும் ஜெல் நகப்பூச்சிலும் பல் அடைக்கும் பொருளிலும் இதே குடும்பம் உண்டு. நகப்பூச்சில் ஒவ்வாமையைச் சம்பாதித்தவர் அதை வாட்சில் வட்டியோடு அனுபவிக்க நேரலாம்.

பசையால் தோல் கெடுவது நம் வீடுகளுக்குப் புதிதும் அல்ல. ஒட்டும் பொட்டு வைத்து வைத்து நெற்றியில் அரிப்பும், பிறகு பொட்டளவுக்கு வெள்ளைத் தழும்பும் வந்த பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணமான பியூட்டைல் ஃபீனால் வகைப் பசை, தோல் வார்களை ஒட்டவும் பயன்பட்டிருக்கிறது. வாட்ச் கட்டிய இடம் கருப்பதற்குப் பதிலாக வெளுத்தால், காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எது என்று கண்டுபிடிக்க, தடிப்பின் வடிவம் பெரிய துப்பு. கொக்கி படும் இடத்தில் மட்டும் என்றால் நிக்கல். வார் போன வழியெல்லாம் என்றால் வார். வாட்சின் அடிப்பாகத்துக்குள்ளேயே அடங்கி, நாலு நாள் கழற்றி வைத்ததும் தணிந்தால், தேங்கிய ஈரம். எல்லை தாண்டிப் பரவினால், அடுத்த கைக்கு மாற்றியதும் அங்கேயும் கிளம்பினால், ஒவ்வாமை என்று பலமாகச் சந்தேகிக்கலாம். ஓரம் செதில் செதிலாக விரிந்து நடு ஆறிக்கொண்டே போனால் அது வாட்சின் நேரடி வேலையே அல்ல, ஈரத்தில் குடியேறிய படர்தாமரை. இன்னொன்று: புத்தகங்கள் சிவந்த தடிப்பு என்று எழுதும். நம் நிறத்தில் அது கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோதான் தெரியும். சிவக்கவில்லையே என்று விட்டுவிடக்கூடாது.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பேட்ச் டெஸ்ட் உண்டு. ஜெர்மானியத் தோல் மருத்துவர் யோசெஃப் யாடாசோன் 1895இல் அறிமுகப்படுத்திய முறை. இன்றும் அடிப்படை மாறவில்லை. சந்தேகப் பொருள்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். மீண்டும் ஓரிரு நாள் கழித்துப் பார்க்கிறார்கள்; டி செல் நிதானமானது அல்லவா.

ஈரத்தால் வந்ததென்றால் வைத்தியம் சுலபம். தோல் முழுதாக ஆறும்வரை வாட்ச் வேண்டாம். அரிப்பு நின்றதும் உடனே கட்டுவதுதான் பலர் செய்யும் தப்பு. பிறகு குளிக்கும் நேரத்தைச் சார்ஜ் போடும் நேரமாக்கிக்கொள்ளலாம். வியர்த்த பின் வாரையும் கையையும் கழுவி, இரண்டும் காய்ந்த பிறகே கட்ட வேண்டும். நடக்கும்போது மட்டும் இறுக்கி, மற்ற நேரம் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். தூக்கத்தை அளந்தே தீர வேண்டும் என்கிறவர்கள் பகலிலாவது கழற்றி வைக்கட்டும்.

மெடிக்கல் ஷாப்பில் கையை நீட்டிக் காட்டி, கொடுத்த ட்யூபை வாங்கித் தடவுவது மட்டும் வேண்டாம். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் கலந்திருக்கும். தடவியதும் அரிப்பு அடங்கும். உள்ளே இருப்பது படர்தாமரையாக இருந்தால், ஸ்டீராய்டின் நிழலில் அது அடையாளம் மாறி அகலமாகப் பரவும். பிறகு மருத்துவருக்கே கண்டுபிடிக்கச் சிரமம். 2018இல் இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். கடைகளில் இன்னும் கேட்டால் கிடைக்கிறது.

ஆறிய பிறகும் வாட்சின் சதுரம் கருப்பாகச் சில மாதம் கையில் தங்கும். அது புண் அல்ல, புண் விட்டுப்போன நிறம். எலுமிச்சம்பழத்தைத் தேய்க்காமல் இருந்தால் தானாக மங்கும்.