கடலைச் சேராத நதியின் நடுவே ஒரு கூடாரம்

நதிகள் யாவும் கடலை நாடியே செல்கின்றன என்று சிறு பிராயம் முதல் கேட்டு வந்திருக்கிறோம். ஆயினும் அங்கோலா தேசத்து மேட்டு நிலங்களில் பிறந்து, நமீபியாவின் ஒடுங்கிய ஓரத்தைக் கடந்து, போட்ஸ்வானா நாட்டுக்குள் புகும் ஒக்கவாங்கோ என்னும் நதி, சமுத்திரத்தைக் காணாமலே கலஹாரி மணற்பரப்பில் பல கிளைகளாக விரிந்து, ஆவியாகியும் மண்ணில் ஊறியும் மறைந்து போகிறது. அங்கோலாவில் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை, சரிவு என்பதே அநேகமாக இல்லாத அந்தச் சமவெளியில் மாதக் கணக்கில் ஊர்ந்து வருவதால், தென்கோடியிலுள்ள மவுன் நகரை வெள்ளம் எட்டும்போது ஜூன், ஜூலை ஆகிவிடுகிறது. சுற்றுப்புறம் முழுவதும் வறண்டு, விலங்கினங்கள் தாகத்தால் வாடுகின்ற அதே பருவத்தில்தான் இங்கே நீர் நிரம்புகிறது. யானை, எருமை, வரிக்குதிரை, மான் வகைகள், அவற்றைத் தொடர்ந்து சிங்கம், சிறுத்தை, காட்டுநாய் ஆகிய சகல பிராணிகளும் இங்கு வந்து கூடுவதற்கு இதுவே காரணம். 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாகச் சேர்க்கப்பட்ட பெருமையும் இப்பிரதேசத்துக்கு உண்டு.

இங்குள்ள ஆயிரக்கணக்கான தீவுகளில் பலவற்றுக்குக் கரையான் புற்றே அஸ்திவாரம் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். வெள்ளத்துக்கு மேல் தலை நீட்டும் புற்றின் மீது பறவைகளும் பிராணிகளும் விட்டுச் சென்ற விதைகள் முளைத்து மரமாகின்றன; மரங்களின் வேர்கள் சுற்றிலுமுள்ள ஜலத்தை உறிஞ்ச, அதிலிருந்த உப்பு மாத்திரம் தீவின் நடுவில் தங்கிவிடுகிறது. நடுப்பகுதியில் புல்கூட முளைக்காத அளவுக்கு உப்பு ஏறினாலும், அதன் பயனாகவே வெளியே ஓடும் நீர் தித்திப்பாக இருக்கிறது. நீர்யானைகளோ, இரவில் மேய்ச்சலுக்குச் சென்று திரும்பும் தடங்களால் நாணற் காட்டைப் பிளந்து புதிய கால்வாய்களையே உண்டாக்கி விடுகின்றன. இப்படிக் கரையானும் நீர்யானையும் கட்டிக் காக்கும் ஒரு பூமியில், மனிதன் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு வந்து மாளிகை எழுப்புவது அனாவசியம் மட்டுமன்று, அபாயமுமாகும். கூடார முகாம்கள் ஏற்பட்டதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

ஆப்பிரிக்க வனத்தில் கூடாரம் அடித்துத் தங்கும் வழக்கம் ஆதியில் சாத்விகமான நோக்கத்துடன் தோன்றியதன்று. அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து விலகிய கையோடு 1909-இல் கிழக்காப்பிரிக்காவுக்குச் சென்ற தியோடர் ரூஸ்வெல்ட், நூற்றுக்கணக்கான சுமையாட்கள் கூடாரங்களைச் சுமந்து வர, தம் குமாரருடன் சேர்ந்து சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512. பொருட்காட்சிச் சாலைக்காகவும் விஞ்ஞானத்துக்காகவும் செய்த காரியம் என்று சொல்லப்பட்டாலும், எண்ணிக்கை எண்ணிக்கைதான். அந்த வேட்டைக்காரரின் கித்தான் கூடாரமே இன்று வேட்டையை வேண்டாதவர்களின் வாசஸ்தலமாக மாறியிருக்கிறது.

மவுனிலிருந்து பெரும்பாலான முகாம்களுக்குச் சாலை வழி கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர் அமரும் சிறு விமானம், மண்ணைச் சமன்படுத்திய ஓர் ஓடுபாதையில் இறக்கிவிடும். சில சமயம் அதில் நிற்கும் ஒட்டகச்சிவிங்கிகளை முதலில் விரட்டியாக வேண்டும். கடினமான பெட்டிகள் விமானத்தின் வயிற்றில் நுழையா என்பதால், மடங்கும் துணிப் பைதான் அனுமதிக்கப்படுகிறது. முகாமிலோ, தரையைத் தொடாமல் கட்டைக் கால்கள் மீது நிற்கும் மரத்தளங்கள், அவற்றின் மேல் கித்தான் கூடாரங்கள். கீழே வெள்ளமும் விலங்கும் தங்கு தடையின்றிச் செல்லலாம். நிலத்தின் குத்தகைக் காலம் முடிந்தால் யாவற்றையும் கழற்றி எடுத்துச் சென்றுவிடலாம். பல முகாம்களில் மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து பெறப்படுவதால், தலைமயிர் உலர்த்தும் இயந்திரத்துக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. எளிய முகாம்களில் கப்பியால் உயர்த்திக் கட்டிய வாளியில் வெந்நீர் ஊற்றித் தருவார்கள்; அது தீர்வதற்குள் குளித்து முடிக்க வேண்டும். ஒருவர் குளிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும் என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியன்று. மேனாட்டுப் பிரயாணிகளோ அதைப் பெரிய சாகசமாக வர்ணிக்கிறார்கள்.

முகாமைச் சுற்றி வேலி இராது. ஆகையால் இருட்டிய பிறகு, உணவுக் கூடத்துக்கும் கூடாரத்துக்கும் இடையேயுள்ள சிறு தூரத்தைக்கூட வழிகாட்டியின் துணையின்றிக் கடக்கலாகாது. துணிச் சுவர் ஒன்றே குறுக்கிட, அப்பால் நீர்யானை புல்லைப் பிய்க்கும் ஓசையையும் கழுதைப்புலியின் கூவலையும் கேட்டுக் கொண்டு படுத்திருப்பது தைரியசாலிகளுக்கும் முதல் இரவில் சற்றுக் கடினமே. கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளேயே இருப்பவரை விலங்குகள் பொதுவாகச் சீண்டுவதில்லை என்று வழிகாட்டிகள் உறுதி கூறுவார்கள். பொழுது புலருமுன் தேநீர். பின்னர் மொகோரோ என்னும் ஒடுங்கிய ஓடத்தில், பின்புறம் நிற்பவர் நீண்ட கழியால் ஊன்றித் தள்ள, அல்லி பூத்த நீரின் மீது சப்தமின்றிச் செல்லலாம். முன்னாளில் பெருமரங்களைக் குடைந்து செய்த இவ்வோடங்கள், மரங்களைக் காக்க வேண்டி இப்போது பெரும்பாலும் கண்ணாடி இழையால் செய்யப்படுகின்றன. கரையில் நிற்கும் மொகோலா மரம் நம் பனைக்கு உறவு. அதன் காயை யானை விரும்பித் தின்கிறது, குருத்தோலையைக் கொண்டு அவ்வூர்ப் பெண்கள் உலகப் புகழ் பெற்ற கூடைகளை முடைகிறார்கள்.

இந்நிலத்தைக் காக்க முதலில் முன்வந்தவர்கள் அந்நியர் அல்லர். நாடு சுதந்திரம் பெறுவதற்கு மூன்றாண்டு முன்பே, 1963-இல், தம் கணவரின் மறைவுக்குப் பின் பொறுப்பேற்று ஆண்ட எலிசபெத் புலானே மொரேமியின் தலைமையில், படவானா மக்கள் தங்கள் வேட்டை நிலத்தின் ஒரு பகுதியை மொரேமி வனவிலங்குக் காப்பகமாக ஒதுக்கினார்கள். ஆனால் அதே காப்பகத்தின் பொருட்டு, அங்கு வாழ்ந்திருந்த புஷ்மன் குடிகள் இடம் பெயர நேர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அவ்வாறு பெயர்ந்தவர்களின் க்வாய் கிராமம் இன்று தனக்கென ஓர் அறக்கட்டளை அமைத்து, காப்பகத்தை ஒட்டிய நிலத்தில் நடக்கும் சுற்றுலாவிலிருந்து வருமானம் பெறுகிறது. கூட்டம் குறைவாகவும் கட்டணம் அதிகமாகவும் இருக்கட்டும் என்பது போட்ஸ்வானா அரசின் நெடுநாளைய கொள்கை. ஒவ்வொரு குத்தகை நிலத்திலும் இத்தனை படுக்கைகள்தாம் என்று வரம்பு உண்டு. ஓர் இரவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கும் முகாம்களும் பல. வனத்துக்கு இது நன்மையே. உள்ளூர்க்காரர் தம் நாட்டின் செல்வத்தைத் தாமே காண இயலாத விலையாகிவிட்டதே என்ற குறையும் நியாயமானதே.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கண்டம் விட்டுக் கண்டம் ஆகாய விமானத்தில் பறந்து வந்து, பிறகு பிளாஸ்டிக் குப்பியைத் தவிர்த்துவிட்டு இயற்கையைக் காத்ததாக ஒருவர் திருப்தியடைவது அவ்வளவு பொருத்தமாக எனக்குத் தோன்றவில்லை. கித்தான் துணியும் சூரியத் தகடும் மட்டும் ஒரு முகாமைத் தூய்மையானதாக்கி விடா. கழிவுநீர் எங்கே போகிறது, குப்பை வனத்துக்கு வெளியே எடுத்துச் செல்லப்படுகிறதா, வழிகாட்டியும் மேலாளரும் அந்த மண்ணைச் சேர்ந்தவர்களா, கட்டணத்தில் கிராமத்துக்கு உரிய பங்கு எவ்வளவு என்பவற்றை, பணம் செலுத்துமுன் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். நேர்மையாக நடத்துபவர்கள் தயங்காமல் விடை தருவார்கள். ஒருமுறை சென்றால் ஓரிரு நாளில் திரும்பிவிடாமல் சில நாட்கள் தங்குவதே பறந்த தூரத்துக்குச் சற்றேனும் நியாயம் செய்வதாகும்.

போக விரும்புவோர் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மாதங்களைத் தேர்ந்துகொள்ளலாம். பகல் இதமாயிருப்பினும் விடியற்காலைக் குளிர் கடுமையாதலால் கம்பளிச் சட்டை அவசியம். மலேரியா உள்ள பிரதேசம் ஆகையால் தடுப்பு மருந்து குறித்து வைத்தியரை முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும். சைவ உணவு கொள்வோர் அதனை முன்பதிவின்போதே எழுதித் தெரிவித்து விடுவது நலம். உணவுப் பண்டங்கள் யாவும் வெகு தூரத்திலிருந்து வந்து சேர வேண்டியிருப்பதால், அங்கே போய் இறங்கிய பின் கேட்பதில் பயனில்லை.