தாலி கட்டிய கையோடு லாப்லாந்தா? டிக்கெட்டுக்கு முன்னால் சான்றிதழ்!

மாப்பிள்ளைக்கு விசா வந்துவிட்டது, பெண்ணுக்கு மறுத்துவிட்டார்கள். கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஃபின்லாந்தின் ரொவானியெமியில் கண்ணாடிக் கூரை போட்ட அறை, ஹெல்சிங்கியிலிருந்து இரவு ரயில், போகவர விமானம் என எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. எதிலும் ஒரு ரூபாய் திரும்பாது. பெண்ணின் அப்பா அந்த மறுப்புக் கடிதத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக என் எதிரே உட்கார்ந்திருந்தார். “ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே சார் போய்க் குடுத்தாங்க?” என்றார்.

ஒன்றாகப் போய்க் கொடுத்தாலும் விண்ணப்பம் ஆளுக்கு ஒன்று; முடிவும் தனித்தனி. அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை, சொந்தக் கணக்கில் பணம் இல்லை. கணவர் செலவை ஏற்கிறார் என்று ஒரு கடிதம்கூட வைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆனதற்கான அரசுச் சான்று அந்த விண்ணப்பக் காகிதங்களில் இல்லவே இல்லை. இருந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை மட்டும். இப்படி வந்து உட்காருகிறவர்களில் இவர் முதல் ஆளும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வடதுருவ ஒளியும் பனிவண்டியும் பார்க்க ஆசைப்படுவதில் தவறே இல்லை. லாப்லாந்து அழகான பூமி. ஆனால் அங்கே போகும் வழி ஷெங்கன் விசா. ஃபின்லாந்து, நார்வே, ஸ்வீடன், ஐஸ்லாந்து எல்லாமே அந்த வட்டத்துக்குள்தான். அந்த விசாவுக்கு ஆசை சான்றாகாது, காகிதம்தான் சான்று.

ஆகவே முதல் வேலை சார் பதிவாளர் அலுவலகம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இல் வந்தது. எந்த மதமானாலும் சரி, இங்கே நடக்கும் திருமணத்தை 90 நாட்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. “90 நாள் இருக்கே, ஹனிமூன் முடிச்சிட்டு வந்து பாத்துக்கலாம்” என்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உங்களுக்குத் திருமணச் சான்றிதழ் வேண்டியது ஹனிமூனுக்கு முன்னால். மறுவீட்டு விருந்துகளுக்கு நடுவே ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் விவரங்களை ஏற்றிவிட்டு, இருவரின் வயது, முகவரிச் சான்று, பத்திரிகை, கோயில் அல்லது மண்டப ரசீது, புகைப்படம், சாட்சிகளின் அடையாள அட்டை ஆகியவற்றோடு போங்கள். இடைத்தரகர் எவருக்கும் இதில் வேலை இல்லை. “இன்னைக்கு சர்வர் வேலை செய்யல, அடுத்த வாரம் வாங்க” என்று புதுமணத் தம்பதியைத் திருப்பி அனுப்பும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களின் அந்த ஒரு வாரம் இவர்களுக்கு ஒரு விசா நேர்காணல் தேதி என்பது அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு உறைப்பதில்லை.

சான்றிதழில் பெயரை அடிக்கும்போது கூடவே நின்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே இருக்க வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல்தான் பெரிய தொல்லை. பத்திரிகையில் ‘க. மீனாட்சி’, ஆதாரில் ‘மீனாட்சி க’, பாஸ்போர்ட்டில் ‘மீனாட்சி கண்ணன்’ என்று மூன்று விதமாக இருந்தால், அங்கே கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு அது மூன்று பேர். அடுத்தது விமான டிக்கெட். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு இருக்கும் பெண்ணுக்கு, ஆசையாகக் கணவர் பெயரைப் போட்டு டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். விமான நிலையத்தில் அது செல்லாது. கல்யாணம் ஆனதும் பெண் பெயரை மாற்றியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பயணம் முடியும்வரை பாஸ்போர்ட்டைத் தொடாமல் விடுவதே நல்லது.

இப்போது விண்ணப்பம். புறப்படுவதற்கு 6 மாதம் முன்பே கொடுக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சந்தேகம் வந்தால் 45 நாள்வரை போகும். டிசம்பர், ஜனவரிப் பயணத்துக்கு நேரம் வாங்குவதே பெரும்பாடு. தையில் முகூர்த்தம் என்றால் அந்தக் குளிர்காலத்தை விட்டுவிடுங்கள். துருவ ஒளி ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை தெரியும். அடுத்த செப்டம்பரிலும் அது அங்கேதான் இருக்கும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. மறுத்தால் அது திரும்ப வராது. பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் தேதிக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாகக் கூடியதாக, 2 வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விசா கேட்க வேண்டும். “அங்கே சீக்கிரம் டேட் கிடைக்குது” என்று சொல்லி வேறொரு நாட்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, தங்குவதெல்லாம் ஃபின்லாந்தில் வைக்கும் ஏஜெண்டுகள் உண்டு. அதைப் பயணத் திட்டத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். போலி ஹோட்டல் பதிவு, திருத்திய வங்கிக் கணக்கு ஆகியவையும் அப்படித்தான். மாட்டிக்கொண்டால் ஏஜெண்டின் பெயர் எங்கும் வராது, கையெழுத்து உங்களுடையது.

மொய்ப் பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்யாணம் முடிந்த வாரம் மூன்று நான்கு லட்சத்தை மொத்தமாகக் கணக்கில் போட்டுவிட்டு, அடுத்த வாரமே அந்தக் கணக்குத் தாளை நீட்டுகிறார்கள். அந்த அதிகாரிக்கு மொய் தெரியாது. விசாவுக்காகக் கடன் வாங்கிக் காட்டிய பணம் என்றுதான் நினைப்பார். ஒரு பக்கத்தில் விளக்கக் கடிதம் எழுதி, திருமணச் சான்றிதழ் நகலைச் சேர்த்து, அந்த வரவு எந்தத் தேதியில் வந்தது என்று குறித்துக் கொடுங்கள். மணமக்களுக்குக் கல்யாணத்தில் வரும் பரிசுக்கு வருமான வரி கிடையாது, ஆகவே மறைக்கவும் வேண்டியதில்லை. மொய் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

திரும்பவும் சொல்கிறேன்: விசா கைக்கு வருவதற்கு முன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவு போதும், பணம் கட்டிய டிக்கெட் கட்டாயமில்லை.

மறுத்துவிட்டால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். மறுப்புக் கடிதம் ஒரு படிவம். எந்தக் காரணத்துக்கு எதிரே குறியிட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பயண நோக்கம் நம்பும்படி இல்லை என்பதும், திரும்பி வருவீர்களா என்ற சந்தேகமும்தான் இளம் பெண்களுக்கு அடிக்கடி விழும் குறிகள். மேல்முறையீட்டு உரிமை உண்டு. எங்கே, எத்தனை நாளுக்குள் என்பது அந்தக் கடிதத்தோடே வரும். கெடு குறைவு, அன்றைக்கே படியுங்கள். குறை வெறும் காகிதத்தில்தான் என்றால், விடுபட்டதைச் சேர்த்துப் புதிதாக விண்ணப்பிப்பதே பெரும்பாலும் சீக்கிரம் முடியும். ஒருமுறை மறுத்ததால் மறுபடி கேட்கக் கூடாது என்றில்லை. ஆனால் முன்பு மறுக்கப்பட்டதை மறைக்காதீர்கள். மேலே சொன்ன பெண்ணுக்குத் திருமணச் சான்றிதழும் கணவரின் பொறுப்புக் கடிதமும் வைத்து மறுபடி கொடுத்தோம், விசா வந்தது. போன பணம் போனதுதான்.

பேக்கேஜ் வாங்குகிறவர்கள், “துருவ ஒளி நிச்சயம்” என்று எழுதியிருந்தால் அந்தத் துண்டுப் பிரசுரத்தைப் பத்திரப்படுத்துங்கள். மேகம் மூடினால் எவராலும் ஒளியைக் காட்ட முடியாது. அந்த உறுதிமொழியே தவறான விளம்பரம். சொன்ன அறை இல்லை, சேர்த்த பயணம் இல்லை, ரத்து செய்தும் பணம் வரவில்லை என்றால் முதலில் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்திகளை நம்பி இருக்காதீர்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் உங்கள் ஊரிலேயே வழக்குப் போடலாம், 2 ஆண்டுக்குள் போட வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இன்னொன்று: வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அது செலவு இல்லை, முன்கூட்டிக் கட்டிய வரி. யாருடைய பான் எண்ணில் பிடித்தார்களோ அவருடைய வருமான வரிப் பதிவில் தெரியும், அவர்தான் வருமான வரிக் கணக்கில் கேட்டு வாங்க முடியும். மாமனார் பணம் கட்டினால் அவரிடம் சொல்லிவையுங்கள். பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை.

காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருந்தால்தான் விசா. அதோடு நின்றுவிடாமல் பாலிசியில் விலக்குகள் பகுதியைப் படியுங்கள். பனிவண்டி ஓட்டியதில் விழுந்து கால் முறிந்தால் தருவார்களா? பல பாலிசிகளில் அது சாகச விளையாட்டு. தனியாகச் சேர்க்க வேண்டும். குடித்திருந்தால் எதுவும் கிடைக்காது. பனிவண்டி ஓட்ட ஓட்டுநர் உரிமம் வேண்டும்; சேதமானால் எவ்வளவு உங்கள் தலையில் என்று கையெழுத்து வாங்கும் தாளில் இருக்கும், தொகையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை நிராகரித்தால் அதற்கு எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஒரு ஆண்டுக்குள் போக வேண்டும், செலவு இல்லை.

பெட்டி வராமல் போவதுதான் குளிர்நாட்டில் உண்மையான ஆபத்து. நான் அறிந்த ஒரு ஜோடி, வெளியே மைனஸ் 24 டிகிரி, கம்பளி எல்லாம் பெட்டியில், பெட்டி வழியில் எங்கோ. அந்தப் பெண் பருத்திச் சுடிதார், துணி ஷூவோடு விமான நிலைய வாசல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். டாக்ஸி வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். மூன்று நாள் கழித்து விமான நிறுவனத்துக்குப் போன் செய்தபோது, “நீங்கள் புகாரே பதிவு செய்யவில்லையே” என்று கேட்டிருக்கிறார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் பெட்டி வராத புகாரைப் பதிவு செய்து அதன் எண்ணை வாங்குங்கள். வாங்காமல் நகராதீர்கள். அங்கே வாங்கும் ஜாக்கெட், ஷூ, உள்ளாடை எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமானால் கையில் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு செட் தெர்மல் உடை, கையுறை, குல்லா, மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும். பனியால் விமானம் ரத்தானால், ஐரோப்பாவிலிருந்து புறப்படும் விமானத்துக்குச் சாப்பாடும் தங்குமிடமும் தருவது நிறுவனத்தின் கடமை. வானிலையைக் காரணம் காட்டி நஷ்டஈட்டை மறுக்கலாம், இதை மறுக்க முடியாது.

நகையோடு போகிறவர்கள் புறப்படும் விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது அது உங்கள் கல்யாண நகைதான் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். மதிப்பீட்டாளர் சான்றும் நகையின் படமும் எடுத்துப் போங்கள். அதைவிட நல்லது, நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போவது. காரணம் குளிர். ஃபின்லாந்தில் 1999 ஜனவரியில் கிட்டிலா பகுதியின் போக்காவில் மைனஸ் 51.5 டிகிரிவரை இறங்கியிருக்கிறது. மைனஸ் 20, 25 அங்கே வழக்கமான குளிர். அந்தக் குளிரில் உலோகம் தோலைச் சுடும். ஜிமிக்கி தொங்கும் காது மடல்தான் முதலில் மரத்துப்போகும். உள்ளே பருத்தி போடாதீர்கள். வியர்வையில் நனைந்தால் அது குளிரை உடம்போடு ஒட்டிவைக்கும். கம்பளி அல்லது தெர்மல் போடுங்கள். ஷூ ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். வெளியே நிற்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் அடிக்கடி பாருங்கள். கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெள்ளையாகத் திட்டு தெரிந்தால் வெறும் உள்ளங்கையை வைத்து மூடி, உடனே உள்ளே அழைத்துப் போங்கள். பனியால் தேய்க்காதீர்கள், நெருப்புக்கு அருகில் காட்டாதீர்கள், மரத்த தோலுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். நிறம் திரும்பவில்லை என்றால் 112. நம் ஊரில் உள்ள அதே எண்தான் அங்கேயும்.

மெட்டியைக் கழற்ற மனம் வராதவர்கள், புறப்படும் முன் நகைக்கடையில் கொடுத்துக் கொஞ்சம் தளர்த்தி வாங்கிக்கொள்ளுங்கள். இறுக்கமான மெட்டி விரலுக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கும். இரண்டு சாக்ஸுக்குள், பனிக்கு நடுவே, வீங்கிய விரலிலிருந்து அதைக் கழற்றவும் முடியாது.