கம்பங்கூழுக்குக் கருவாடு: ருசிக்கு மட்டும்தானா?

விருதுநகர் - அருப்புக்கோட்டை சாலையில் இருக்கிறது பாலவனத்தம். சுற்றிலும் வானம் பார்த்த பூமி. கம்பு, சோளம், குதிரைவாலி விளையும் இந்த வட்டாரத்தில் கம்பங்கூழும் சுட்ட கருவாடும் பழைய ஜோடி. கண்மாய் பெருகினால் அயிரைக் குழம்பு. "வெறுங்கூழு இறங்குமா?" என்பார்கள் பெரியவர்கள். ஆனால் விஷயம் ருசியோடு முடியவில்லை.

சத்து இருக்கு, ஏன் சேரல?

100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு, கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கின்றன. ஆனால், தானியங்களில் உள்ள 'ஃபைட்டேட்' இரும்பு, துத்தநாகம், கால்சியத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது. அதனால் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியேறிவிடும்.

தமிழகத்தில் 15-49 வயதுப் பெண்களில் சுமார் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. தானியம் மட்டுமே காரணமில்லை. ஆனால் தட்டில் தானியம் மட்டுமே இருப்பது ஒரு காரணம்.

மீன் என்ன செய்யுது?

மீனின் தசைப் புரதம் செரிக்கும்போது உருவாகும் சிறு துணுக்குகள், தானியத்தின் இரும்பு கரைந்த நிலையிலேயே இருக்க உதவுகின்றன என்பது பொதுவான விளக்கம். வெனிசுவேலாவில் மிகுவேல் லேரிஸ் குழு 1968-ல் வெளியிட்ட ஆய்வில், மக்காச்சோளம், கறுப்பு பீன்ஸுடன் மீன் சேர்த்தபோது அவற்றின் இரும்பு கூடுதலாக உடம்பில் சேர்ந்தது. துத்தநாகத்துக்கும் மீன் புரதம் உதவுகிறது.

சிறுமீனுக்கு இன்னொரு பலம், முள்ளோடு சாப்பிடலாம். வங்கதேசச் சிறுமீன்களை வைத்து 1998-ல் வெளியான ஆய்வில், அவற்றின் கால்சியம் பாலுக்கு இணையாக உடம்பில் சேர்ந்தது. அதில் பங்கேற்ற ஷகுந்தலா தில்ஸ்டெட்டுக்கு, மீன் சார்ந்த உணவுப் பணிகளுக்காக 2021-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

எப்படிச் சாப்பிடலாம்?

* கூழும் மீனும் ஒரே வேளையில் இருக்கணும். காலையில் கூழ், ராத்திரி மீன் என்றால் அந்தக் கூழின் இரும்புக்குப் பலன் இல்லை.
* நெத்திலி, அயிரையை முள்ளோடு மென்று சாப்பிடுங்கள்.
* கருவாட்டில் உப்பு அதிகம். வெந்நீரில் ஊறவைத்து அலசுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் பச்சை மீனே நல்லது.
* சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் கழியட்டும்.
* மீன் சாப்பிடாதவர்கள் நெல்லிக்காய், எலுமிச்சை சேர்க்கலாம். மாவைப் புளிக்கவைத்தால் ஃபைட்டேட் குறையும்.

ரத்தசோகைக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. கருவாடு அதற்கு மாற்று இல்லை, கூழுக்குத்தான் துணை.