தத்துக்கு முன்னே இரண்டு ஆண்டு: தேர்வு எழுதுவது யார்?

ஐம்பத்தைந்தை நெருங்கும் திருமணமாகாத வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "2024-இல் சட்டம் மாறிவிட்டதாம், தனி ஆணும் இனித் தத்தெடுக்கலாமாம். எனக்கு வயது கடந்துபோகும் முன் என்ன செய்ய வேண்டும்?" இதே பதற்றத்தோடு வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். விடுதிகளில் வளரும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களைத்தான் பெரும்பாலும் மனத்தில் வைத்திருக்கிறார்கள். முரண்டு பிடிப்பவன், யாரோடும் ஒட்டாதவன் என்று அங்கே பெயர் வாங்கிய பையன்கள்.

தத்தெடுப்பில் 2024-இல் எதுவும் புதிதாகத் திறக்கவில்லை. தனி ஆண், ஆண் குழந்தையைத் தத்தெடுக்க ஏற்கெனவே வழி இருந்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அவருக்கு மறுப்பது பெண் குழந்தையை மட்டுமே. மாறியது 'வளர்ப்புப் பராமரிப்பு' வழிகாட்டுதல். முன்பு தம்பதிகளுக்கு மட்டும் இருந்த அந்த வழி, இப்போது மணமாகாதவர், துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் எல்லாருக்கும் உண்டு. வயது 35 முதல் 60 வரை. பையன் பன்னிரண்டுக்கு உட்பட்டவன் என்றால் 55 வரைதான். ஆறு வயதைத் தாண்டிய குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தக் குழந்தை தத்துக்குத் தகுதி பெற்றிருந்தால், தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். முன்பு இந்தக் காத்திருப்பு ஐந்து ஆண்டாக இருந்தது.

குழந்தையும் குடும்பமும் பழகிக்கொள்ளத்தான் இந்த அவகாசம் என்கிறது அரசுத் தரப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாட்டை அந்தப் பையனின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

பெற்றோரையோ உறவுகளையோ இழந்து, விடுதி மாறி, வார்டன் மாறி வந்தவன் அவன். புது வீட்டில் முதல் சில வாரம் தங்கமான பிள்ளையாக இருப்பான். பிறகுதான் ஆரம்பிக்கும்: தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளிப்பது, காரணமில்லாமல் பொய் சொல்வது, படுக்கையை நனைப்பது, பொருளை உடைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பது. இவர் எப்போது நம்மைத் திருப்பி அனுப்புவார் என்பதே அவன் கேள்வி. பதில் வராமல் இழுத்துக்கொண்டே போவதைவிட, தானே வரவழைத்துவிடுவது அவனுக்கு எளிது. குழந்தை மனநலத் துறையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை.

இப்போது சட்டத்தின் 44-ஆம் பிரிவைப் பாருங்கள். வளர்ப்புக் குடும்பத்தைக் குழந்தைகள் நலக் குழு மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும். கவனிப்பில் குறை கண்டால் குழந்தையை அங்கிருந்து எடுத்துவிட வேண்டும், வேறு வளர்ப்புக் குடும்பத்துக்கு மாற்றலாம். குழந்தையைத் துன்புறுத்தும் வீடுகளும் இருக்கின்றன என்பதால் இந்த ஆய்வு தேவைதான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மாதம் ஒருமுறை கோப்போடு வாசலில் நிற்கும் அதிகாரி, பையன் கண்ணுக்கு யார்? அவனைக் கூட்டிப்போக வந்தவர். எந்தக் கேள்வியை அவன் மறக்க வேண்டுமோ, அதையே அரசு மாதாமாதம் வந்து நினைவூட்டிவிட்டுப் போகிறது. இரண்டு ஆண்டு முழுவதும் அவனும் வேலையில் சேர்ந்த தகுதிகாண் பருவத்து ஊழியன்போலத்தான்.

இன்னொரு முடிச்சும் உண்டு. தத்துக்குத் தகுதியான குழந்தையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்புக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது அதே பிரிவு. ஆக, இந்த வழியில் வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை: தத்துப் பட்டியலில் நெடுநாள் இருந்தும் யாரும் எடுக்காததால் விதிவிலக்காக வருகிறவர்கள், பெற்றோர் எங்கோ இருந்தும் வந்து பார்க்காதவர்கள். முதல் வகைப் பையனை இரண்டு ஆண்டு காக்கவைக்க என்ன நியாயம் இருக்கிறது? இரண்டாம் வகையில், பெற்றோர் திரும்பி வந்தால் குழந்தையை அவர்களிடம் சேர்ப்பதற்கே முன்னுரிமை. வளர்த்தவர் எவ்வளவு உருகினாலும், தத்து ஆணை வரும்வரை சட்டப்படி அவர் தகப்பன் இல்லை.

அதற்காக, நேரடித் தத்து வழிதான் மேல் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அங்கே அவசரம் மறுபக்கம். மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் குழந்தையின் விவரம் காட்டிய 48 மணி நேரத்துக்குள் 'வேண்டும்' என்று பதிவு செய்துவிட வேண்டும். சில பக்க மருத்துவ அறிக்கை, சமூக அறிக்கை, ஒரு படம். பத்து வயது வாழ்க்கை அதற்குள் அடங்காது. 2014-15 முதல் 2018-19 வரையான ஐந்து ஆண்டுகளில் தத்துப்போன 1,100-க்கும் மேற்பட்ட குழந்தைகள் காப்பகங்களுக்குத் திரும்பினார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டக் கேள்விக்கு மத்திய தத்தெடுப்பு வள ஆணையமே பதில் தந்தது. வளர்ந்த குழந்தைகளும் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுமே அதில் அதிகம். அந்தக் கணக்கைப் பார்த்தால் இரண்டு ஆண்டு என்பது கெட்ட யோசனையாகத் தெரியவில்லை. என் ஆட்சேபம் வேறு: சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட பையன் என்றால், இது தத்தில்தான் முடியப்போகிறது என்பதை முதல் நாளே எழுதிவைத்து, அவனிடமும் சொல்லிவிடலாமே. ஆய்வுக்கு வருபவர் அப்போது உதவிக்கு வருபவராகவாவது தெரிவார்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

தத்துக்கு வயது வரம்பு? எட்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால் தனி நபருக்கு 55. இருவருக்கும் இடையே குறைந்தது 25 ஆண்டு வித்தியாசம் வேண்டும்.

வளர்ப்புப் பராமரிப்புக்கு உதவித்தொகை? மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய், அது பிள்ளைக்கானது.

1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தில் தனி ஆண் பெண் குழந்தையை எடுக்கலாமே? 21 வயது இடைவெளி இருந்தால் எடுக்கலாம். ஆனால் இணையதளப் பட்டியலில் இருக்கும் குழந்தைக்கு அந்த வழி பொருந்தாது.

ஆணை தருவது நீதிமன்றமா? இல்லை, 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர்.

பையனைக் கேட்பார்களா? கேட்க வேண்டும் என்பது சட்டம். அவனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார்களா என்று நீங்களும் விசாரியுங்கள்.

எங்கே போவது? உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு. நடுவில் ஆள் வேண்டியதில்லை. "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் 1098-ஐ அழையுங்கள்.