விருந்து வீடு – 6: பச்சைமலையில் ஒரு மாதம் தங்க முடியுமா?

ஸ்ரீரங்கத்தில் மார்கழிக்கு வீடு வேண்டுமென்றால் ஆவணியிலேயே சொல்லிவைக்க வேண்டும். பகல் பத்து, இராப் பத்து என்று உற்சவம் மூன்று வாரம் நடக்கிறது. சொர்க்கவாசல் திறக்கும் விடியலுக்கு மட்டும் வந்து, கூட்டத்தில் நசுங்கி, அன்று மாலையே ரயில் ஏறுகிறவர்கள் ஒரு ரகம். முழு உற்சவத்தையும் உட்கார்ந்து சேவிக்க வருகிறவர்கள் இன்னொரு ரகம். இவர்களுக்கு லாட்ஜ் சரிப்படாது. அப்பாவின் இன்சுலினை வைக்க ஃபிரிட்ஜ் வேண்டும், மடி பார்க்கிற பாட்டிக்குத் தனி அடுப்பு வேண்டும், மத்தியானம் கொஞ்சம் காலை நீட்ட ஒரு கூடம் வேண்டும்.

வந்தவர்களுக்கு இடம் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. திருச்சியைத் தலைநகராக வைத்துக்கொண்டு 1689 முதல் ஆட்சிப் பொறுப்பு வகித்த ராணி மங்கம்மாள், சாலை போட்ட இடமெல்லாம் சத்திரமும் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஸ்ரீரங்கத்தில் மடங்களும் சாதிவாரிச் சத்திரங்களும் தலைமுறைகளாக யாத்ரீகர்களைத் தாங்கின. 2014-இல் பஞ்சக்கரை சாலையில், கொள்ளிடக் கரையோரமாக, ஆயிரம் பேர் தங்கும்படி யாத்ரி நிவாஸ் வந்தது. ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி தங்குகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

ஒரு மாதம், மூன்று மாதம் தங்க வேண்டியவர்களுக்குத்தான் சத்திரமும் போதாது, லாட்ஜும் ஆகாது. மகன் நியூஜெர்சியில் இருக்க, குளிருக்குப் பயந்து மார்கழி, தை இரண்டு மாதமும் இங்கே வந்துவிடுகிற தம்பதி இருக்கிறார்கள். தில்லைநகர்ப் பக்கம் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை முடித்து, 'இன்னும் ஆறு வாரம் இங்கேயே இருங்க' என்று டாக்டர் சொல்லிவிட்ட வெளியூர்க் குடும்பம் இருக்கிறது. திருவெறும்பூர் பெல் ஆலைக்கு வேலையாக வந்த பொறியாளர், என்.ஐ.டி.யில் ஒரு பருவம் மட்டும் பாடம் எடுக்க வந்த பேராசிரியர் என்று இந்தக் கூட்டம் வருஷம் முழுக்க இருக்கிறது. இவர்களுக்காகத்தான் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் அம்மா மண்டபம் சாலையிலும் சாமான்களோடு மாத வாடகைக்கு விடும் வீடுகள் பெருகியிருக்கின்றன.

அப்படி ஒரு வீட்டை நிதானமாகச் சுற்றிப் பார்த்தேன். பழைய வீட்டின் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. இரண்டு பர்னர் அடுப்பு, சிலிண்டர், ஐந்து லிட்டர் குக்கர், தோசைக்கல், காபி ஃபில்டர், சுவாமி அலமாரியில் ஒரு குத்துவிளக்கு. குளியலறைச் சுவரில் வயதானவர்கள் பிடித்துக்கொள்ள எவர்சில்வர் கம்பி. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கியது. டபரா எத்தனை, கரண்டி எத்தனை, ஜமக்காளம் எத்தனை என்று எழுதியிருந்தது. வருகிறவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், போகும்போது மறுபடி எண்ண வேண்டும். கீழ்வீட்டில் குடியிருக்கும் வீட்டுக்கார மாமிதான் காலையில் இட்லியும் காபியும் அனுப்புகிறார். தினசரி வாடகைக்கு விட்டால் கூடுதலாக வருமே என்று கேட்டேன்.

"ஒரு மாசம் இருக்கறவா அடுப்பைத் தொடச்சு வச்சுட்டுப் போவா, சார். ஒரு ராத்திரிக்கு வரவாளுக்கு பெட்ஷீட் மாத்தறதுக்கே தனியா ஆள் போடணும். நீங்களே கணக்குப் பாருங்கோ" என்றார்.

மாமியின் கணக்கு சரியான கணக்கு. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் 'பெட் அண்டு பிரேக்ஃபாஸ்ட்' திட்ட விதிகளும் கிட்டத்தட்ட அவர் வீட்டைப் பார்த்து எழுதியது போலவே இருக்கின்றன. ஒன்று முதல் ஆறு அறைவரை வாடகைக்கு விடலாம், மொத்தம் 12 படுக்கைக்கு மேல் கூடாது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வளாகத்தில் குடியிருக்க வேண்டும். வசதியைப் பொறுத்துத் தங்கம், வெள்ளி என்று தரம் பிரிப்பார்கள். இந்த விதிகளின் முதுகெலும்பு, குடும்பம் அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான். நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரில் அமல்படுத்திய சட்டமும் இதையே பிடித்துக்கொண்டது: 30 நாளுக்குக் குறைவாக விருந்தினரை வைத்தால் வீட்டுக்காரர் உடன் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் கூடாது. பார்சிலோனா இன்னும் கடுமையாகப் போய், 2028-க்குள் சுற்றுலா அடுக்ககங்களின் உரிமத்தையெல்லாம் முடித்துவிடப்போவதாக அறிவித்திருக்கிறது. ஊர்க்காரர்களுக்குக் குடியிருக்க வீடே கிடைக்காமல் போனதுதான் காரணம். கோயில் வீதிகளில் வாசல் விளக்கு எரியாத, சாவிப்பெட்டி மட்டும் தொங்குகிற வீடுகளைப் பார்க்கும்போது ஸ்ரீரங்கமும் அந்தத் திசையில் நடக்கத் தொடங்கிவிட்டதோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

மாத வாடகைக்கு வருகிறவர்களுக்கு உபயோகமான சில சட்ட விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. தொடர்ந்து 90 நாள் தங்குகிறவருக்கு மாதம் 20,000 ரூபாய்வரையிலான தங்கும் கட்டணத்துக்கு 2024 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வந்தவர் உங்கள் வீட்டில் தங்கினால், அவர் உங்கள் சொந்த அண்ணன் மகனாகவே இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையத்தில் தகவல் கொடுக்க வேண்டும்.

இனி பச்சைமலைக்குப் போவோம். திருச்சியிலிருந்து மண்ணச்சநல்லூர், துறையூர், உப்பிலியபுரம் தாண்டி சோபனபுரத்தில் அடிவாரம். அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறினால் டாப்செங்காட்டுப்பட்டி. நகரத்திலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவான மலைத்தொடர் இது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு, சுமார் 500 முதல் 1,000 மீட்டர் உயரம். ஊட்டிக் குளிரை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். மழை முடிந்த கையோடு மங்களம் அருவிக்கு வருகிறவர்கள் ஏமாற மாட்டார்கள்.

இங்கே குடியிருப்பவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேசுவது தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை என்று நாடு நாடாகப் பிரிந்து வாழ்கிறார்கள். வருமானம் பெரும்பாலும் மரவள்ளியும் முந்திரியும்தான். கிழங்கு லாரி ஏறி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அங்கே விலை சரிந்தால் மலையில் அந்த வருஷமே சரிந்துவிடும்.

தங்குவதற்கு வனத்துறையின் ஓய்வில்லமும் மர வீடும் இருக்கின்றன. சனி, ஞாயிறுகளில் திருச்சியிலிருந்து கார்கள் வருகின்றன. வருகிறவர்கள் கீழேயிருந்து பிரியாணிப் பொட்டலமும் தண்ணீர்ப் பாட்டிலும் வாங்கிக்கொண்டு ஏறி, அருவியில் குளித்து, காலிப் பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டு இறங்குகிறார்கள். மலைக்காரர் வீட்டுக்கு அந்தப் பணத்தில் ஒரு டீக் காசுகூடப் போய்ச் சேருவதில்லை.

அதனால் ஹோம்ஸ்டே வரட்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் சுற்றுலாப் பயணியை நம்பி ஆரம்பிக்காதீர்கள் என்கிறேன்.

அருவியில் தண்ணீர் இருக்கும் சில மாதங்களில், வார இறுதியில் மட்டும் வருகிறவரை நம்பி ஒரு குடும்பம் அறை கட்டினால், செவ்வாய்க்கிழமை அந்த அறையில் மரவள்ளி மூட்டைதான் இருக்கும். மலையில் வருஷம் முழுக்கத் தங்க இடம் தேவைப்படுகிறவர்கள் வேறு சிலர். செங்காட்டுப்பட்டி உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்கள், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ், கிராம நிர்வாக அலுவலர், செடி கொடிகளை ஆராய வரும் கல்லூரி மாணவர்கள். மலைக்கு மாற்றலாகி வருகிற ஓர் ஆசிரியைக்குக் கதவு நன்றாகப் பூட்டுகிற, கழிப்பறை உள்ளேயே இருக்கிற, கட்டிலும் மேசையும் ஃபேனும் போட்ட ஓர் அறை கிடைத்தால் தினமும் துறையூருக்குப் பஸ் பிடித்து இறங்க வேண்டியதில்லை. கடைசி பஸ் போய்விடுமே என்ற பதற்றம் இல்லாமல் சாயங்காலமும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம். நர்ஸ் மலையிலேயே படுத்தால் நடுராத்திரிப் பிரசவத்துக்குக் கீழே ஓட வேண்டாம். ஸ்ரீரங்கத்து மாமி கண்டுபிடித்த மாத வாடகை வழி, ஸ்ரீரங்கத்தைவிட பச்சைமலைக்குத்தான் அவசரமாக வேண்டியிருக்கிறது.

பணத்துக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2024 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட 'தர்தி ஆபா' பழங்குடி கிராம மேம்பாட்டுத் திட்டத்தில் நாடு முழுவதும் 1,000 பழங்குடி ஹோம்ஸ்டேக்கள் அறிவிக்கப்பட்டன. ஒரு கிராமத்துக்கு ஐந்து முதல் பத்து வீடுகள். புதிதாக இரண்டு அறை கட்ட ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம்வரை, இருக்கிற அறையைச் செப்பனிட 3 லட்சம்வரை, ஊர்ப் பொதுத் தேவைக்கு 5 லட்சம்வரை.

அந்த இரண்டு அறையில் ஒன்றை மாத வாடகைக்கு விட வேண்டும், இன்னொன்றை விருந்தினருக்கு வைக்க வேண்டும். பேச்சுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்தால்கூட முதல் அறை வருஷத்துக்கு 36,000 நிச்சயமாகத் தரும். ஜவ்வரிசி விலை என்னவானாலும் அது வரும். இரண்டாவது அறையில் வருஷத்தில் முப்பது ராத்திரி ஆள் தங்கினால் அது மேல்வரும்படி. சாமைச் சோறும் கீரைக் கடைசலும், சுட்ட மரவள்ளிக் கிழங்கும் பச்சைமிளகாய்த் துவையலும் போட்டால் நகரத்து விருந்தாளி மறுபடி வருவார். இட்லி அவருக்கு ஊரிலேயே கிடைக்கிறது.

விருந்தினர் அறையை ஊரே சேர்ந்து நடத்திக் காட்டிய இடம் லடாக்கில் இருக்கிறது. ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் ரும்பக் என்ற சின்னக் கிராமம். பனிச்சிறுத்தை பட்டியில் புகுந்து ஆடுகளைக் கொன்றுவிடும், ஊரார் பதிலுக்குச் சிறுத்தையைக் கொல்வார்கள். பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பினர் 2002 வாக்கில் அங்கே வீடுகளில் விருந்தினரைத் தங்கவைக்கும் முறையைத் தொடங்கினார்கள். யார் வீட்டுக்கு யார் போவது என்பதில் முறை வைத்தார்கள்: இன்று வருகிறவர் இந்த வீட்டுக்கு, நாளை வருகிறவர் அடுத்த வீட்டுக்கு. சாலையோர வீட்டுக்காரரே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ள வழியில்லை. வருமானத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுநிதிக்கு. விருந்தினர் குடும்பத்தோடு சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிறகு சிறுத்தையைக் காண உலகமே வந்தது, சிறுத்தையைக் காக்க ஊரே நின்றது. முறை வைத்துப் பங்கிடுவது பச்சைமலைக்கு அந்நியமான ஏற்பாடல்ல. ஊர்க்கவுண்டர் முன்னால் கூடிப் பேசி முடிவெடுக்கிற வழக்கம் உள்ளவர்கள்தானே.

எதைச் செய்யக் கூடாது என்பதற்குப் பக்கத்திலேயே ஏற்காடு இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் அங்கே காபியை நட்டதிலிருந்து நிலம் கைமாறிக்கொண்டே போயிற்று. எஸ்டேட் வந்தது, பிறகு பங்களா வந்தது, பிறகு ரிசார்ட் வந்தது. அதே மலையாளி மக்களில் பலர் இன்று அங்கே கூலிக்குப் போகிறார்கள், அறை பெருக்குகிறார்கள். 'நிலத்தைக் குத்தகைக்குக் கொடுங்கள், காட்டேஜ் கட்டி மாதாமாதம் பணம் தருகிறோம்' என்று கீழேயிருந்து யாராவது பத்திரத்தோடு வந்தால் பச்சைமலைக்காரர்கள் கையெழுத்துப் போடக் கூடாது. பெயர்ப் பலகையில் ஹோம்ஸ்டே என்று எழுதியிருந்தாலும், சமைக்கிற அம்மாவுக்கு அந்த வீடு சொந்தமில்லையென்றால் அதற்கு உரிமம் தரக் கூடாது. மத்திய விதியின் முதுகெலும்பைப் பச்சைமலையில் ஒரு சுற்று இறுக்கிப் பிடிக்க வேண்டும்: குடியிருப்பவரே உரிமையாளர், உரிமையாளரே மலைக்காரர்.

இதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது பட்டா. 2006-இன் வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவால் பல வருஷம் முடங்கிக் கிடந்து, 2016-க்குப் பிறகுதான் நகர ஆரம்பித்தது. காகிதம் இல்லாத வீட்டுக்கு மானியமும் கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. மாவட்ட நிர்வாகம் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

இரண்டாவது தண்ணீர். சித்திரை, வைகாசியில் மலையில் ஊற்று வற்றும்போது ஒரு குடத்துக்காகப் பெண்கள் நடக்கிறார்கள். அந்த நாளில் விருந்தாளி ஷவரைத் திறந்துவிட்டு நின்றால் ஊரில் சண்டைதான் வரும். ஊர்ப் பொதுத் தேவைக்கான 5 லட்சத்தை வரவேற்பு வளைவுக்கும் செல்ஃபி மேடைக்கும் செலவழிக்காமல் மழைநீர்த் தொட்டிக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் போட வேண்டும். விருந்தினருக்கு ஒரு நாளைக்கு இரண்டு வாளி என்று வீட்டுக்காரர் தயங்காமல் சொல்ல வேண்டும். மார்கழியில் ஒரு மாத வீட்டுக்கு ஸ்ரீரங்கத்தில் கரண்டியை எண்ணிக் கையெழுத்துப் போடுகிறவர்கள், மலையில் வாளியை எண்ணிக் குளிக்கவும் சம்மதிப்பார்கள்.

(தொடரும்)