வீட்டு இணையத்துக்கு ஒரு தாழ்ப்பாள்

சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குக் கடலடியில் இழுக்கப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குமுன் தீவு மக்கள் செயற்கைக்கோள் இணைப்பையே பெரிதும் நம்பியிருந்தனர். ஒரு பக்கம் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். அந்தத் தாமதமும் ஒரு காவலாகவே இருந்ததோ என்று இப்போது எண்ணத் தோன்றுகிறது.

இன்று போர்ட் பிளேராக இருந்த ஸ்ரீ விஜயபுரத்திலும் ரங்கத்திலும், தாத்தாவின் ஓய்வூதியக் கணக்கும் பேரனின் விளையாட்டும் ஒரே ரவுட்டரின் வழியே செல்கின்றன. 'கே.ஒய்.சி. புதுப்பிக்காவிடில் கணக்கு முடக்கப்படும்' என்ற குறுஞ்செய்தியோடு வரும் இணைப்பை யார் தொட்டாலும், வங்கியின் முகப்பைப் போலவே தோன்றும் போலிப் பக்கம் நொடியில் திறந்துவிடுகிறது.

இத்தகைய தளங்களை வீடு முழுமைக்கும் ஒரே இடத்தில் தடுக்க வழியுண்டு. நாம் தட்டும் இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டி.என்.எஸ். என்னும் சேவை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 9.9.9.9 என்று இட்டால், தீங்கானவை என அறியப்பட்ட தளங்களுக்கு முகவரி கிடைக்காது, பக்கமும் திறக்காது. சிறுவர் உள்ள வீடுகளுக்கு 1.1.1.3 பொருத்தம், அது ஆபாசத் தளங்களையும் சேர்த்தே மறுக்கும். இரண்டுக்கும் கட்டணமில்லை. இரண்டாவது டி.என்.எஸ். கட்டத்தில் பழைய எண்ணை விட்டுவைத்தால் தடை பயனற்றுப் போகும், முறையே 149.112.112.112 அல்லது 1.0.0.3 என்று நிரப்புக. ரவுட்டருடன் வந்த கடவுச்சொல்லையும் அப்போதே மாற்றிவிடுவது நன்று. சில ரவுட்டர்களில் இந்த அமைப்பு பூட்டப்பட்டிருக்கும். அங்கே இணைய நிறுவனத்தின் உதவியை நாடுவதே வழி.

தடையின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். வைஃபையை அணைத்துக் கைப்பேசியின் சொந்தத் தரவுக்கு மாறினால் ரவுட்டருக்கு வேலையில்லை. இன்று காலை உருவான போலித் தளம் தடைப்பட்டியலில் ஏறச் சில மணிநேரமாவது ஆகலாம். ஆகவே முகவரியைக் கண்ணால் பார்க்கும் வழக்கத்தை விட இயலாது. இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் '.பேங்க்.இன்' என முடியும் முகவரிக்கு மாற வேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்தது. முகவரியின் முதலில் வங்கியின் பெயர் இருப்பது போதாது. அது எப்படி முடிகிறது என்பதையே பார்க்க வேண்டும்.

பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணையும் உங்கள் கிளையையும் உடனே அழையுங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிப்படி, வாடிக்கையாளர் கவனக்குறைவாகக் கடவுச்சொல்லைப் பகிர்ந்திருந்தால், புகார் அளிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவருடையது. புகாருக்குப் பின் ஏற்படுவது வங்கியுடையது.